வாசலில் பூக்கும் பத்து மணிப் பூவின் கதை



தக்காளியில் இலை சுருண்டால் என்ன செய்வது, கொத்தமல்லிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர், ரோஜாவில் சாம்பல் நோய்க்கு எது மருந்து என்று பேசித்தான் உங்களுக்கும் எனக்கும் பழக்கம். இன்றைக்கு ஒரு மாறுதலுக்காக, யாரும் பயிர் என்றே எண்ணாத ஒரு செடியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஓட்டை வாளியிலோ பழைய பெயிண்ட் டப்பாவிலோ அது இருக்கும். வெயில் ஏறினால் விரியும், சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். பத்து மணிப் பூ என்பார்கள், டேபிள் ரோஸ் என்பார்கள்.

"இதுல என்ன சார் சரித்திரம் இருக்கு? கிள்ளி வெச்சா வருது, அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு அம்மாவுக்கு நஷ்டம் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. சூளகிரி வட்டாரத்தில் ஒரு சிற்றூர். சூலம் போல நிற்கும் நம் மலை அங்கிருந்து நன்றாகத் தெரியும். முட்டைக்கோஸ் வயலைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா திண்ணை ஓரமாக எட்டுப் பத்து டப்பாவில் டேபிள் ரோஸ் வைத்திருந்தார். திரும்பும்போது என்னை நிறுத்தி, "சார், ஒரு நிமிஷம். இந்த டப்பாவைப் பாருங்க. எல்லாக் கிளையிலும் ரோஸ் கலர்தான். இந்த ஒரு கிளையில மட்டும் வெள்ளைப் பூவில சிவப்புக் கோடு கோடா வருது. ஏதாவது சீக்கா?" என்று கேட்டார்.

எனக்கோ அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். பூவில் கோடு விழுந்தால் வைரஸ் நோயாக இருக்கும் என்று படித்தது ஞாபகம் வந்தது. இலையைப் பார்க்கவில்லை, மற்ற டப்பாக்களையும் பார்க்கவில்லை. "அந்தக் கிளையை ஒடிச்சு எரிச்சிடுங்க அம்மா, மத்ததுக்கும் பரவும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் ஒடித்து அடுப்பில் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து, வேறு ஏதோ விஷயமாகப் பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். அங்கே 'மொட்டு மாற்றம்' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. ஒரு செடியின் ஒரே ஒரு கிளை தானாகவே குணம் மாறி, புதுப் பூ பூப்பதற்குத்தான் அந்தப் பெயர். இலையெல்லாம் நன்றாக இருந்து, பக்கத்துச் செடிக்குப் பரவாமல், ஒரு கிளையோடு மட்டும் நிற்கிற மாறுதல் பெரும்பாலும் நோயாக இருக்காது. மறுநாளே ஓடினேன். கிளை சாம்பலாகிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு பூ வரவேயில்லை.

அது உலகத்துக்கே புதிய ரகம் என்று நான் சொல்லவில்லை. அப்படியும் இருந்திருக்கலாம், வேறு எங்கோ ஏற்கெனவே இருக்கிற பூவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் அடைத்தேன். இன்னொருவர் அப்படி இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு.

எங்கிருந்து வந்தது?

டேபிள் ரோஸ் நம் நாட்டுச் செடி அல்ல. அதன் பிறந்த வீடு தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே, பிரேசிலின் தென்பகுதி ஆகிய இடங்களில் மணல் காட்டில் தானாக முளைப்பது. ஜான் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அர்ஜென்டினாவில் மெண்டோசா என்ற ஊரின் பக்கம், மலையடிவாரத்தில் இதைக் கண்டார். வில்லியம் ஹூக்கர் என்ற தாவர அறிஞர் 1829-ல் இதற்கு முறைப்படி பெயர் வைத்துப் படத்தோடு வெளியிட்டார். அங்கிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்கும், அவர்கள் வழியாக உலகம் முழுவதற்கும் பரவியது.

ஆனால் இதன் பங்காளி ஒருவர் நம் வயலிலேயே இருக்கிறார். பருப்புக்கீரை என்று பறித்துக் கடைகிறோமே, தெலுங்கு பேசுகிறவர்கள் கங்கபாவிலி கூர என்பார்களே, கன்னடத்தில் கோணி சொப்பு என்பார்களே, அதுவும் இதுவும் ஒரே இனம். இரண்டின் காயையும் எடுத்துப் பாருங்கள். சின்னக் குமிழ் போல இருக்கும். முற்றினால் டப்பா மூடியைத் திறந்தது போல மேல்பாதி கழன்று விழும். உள்ளே பொடிப் பொடியாக விதை. டேபிள் ரோஸ் விதை ஒரு கிராமில் சுமார் 10,000 இருக்கும்.

இந்தச் செடி வெயிலை எப்படித் தாங்குகிறது தெரியுமா? தண்டும் இலையும் சதைப்பற்றானவை. தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நம் ராகியும் மக்காச்சோளமும் கரும்பும் வெயிலைத் திறமையாகப் பயன்படுத்தும் ஒரு தனி முறை வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளபோது இதுவும் அந்த முறைதான். வறட்சி வந்தால் கள்ளியின் முறைக்குச் சாயும். பகலில் இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டு ஈரத்தைக் காக்கும். ராகியின் சாமர்த்தியமும் கள்ளியின் பொறுமையும் ஒரே செடியில் இருப்பது அபூர்வம். நம்ம பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு ஏற்ற பிள்ளைதான்.

புது ரகம் பிறப்பது எப்படி?

புதுப் பூ ரகம் மூன்று வழியில் பிறக்கிறது. ஒன்று, தானாக வந்த மாறுதலைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவது. இரண்டு, இரண்டு செடிகளைக் கலப்பது. மூன்று, கதிர்வீச்சு போன்றவற்றால் மாறுதலை வரவழைப்பது. மூன்றுக்கும் சதைப்பற்றுச் செடிகளிலேயே கதை உண்டு.

முதல் கதை ஜப்பானில் நடந்தது. எய்ஜி வாட்டனாபே என்று ஒரு நர்சரிக்காரர். 1941-ல் ஒரு சின்ன உருண்டைக் கள்ளியின் விதையைச் சுமார் 10,000 என்ற கணக்கில் விதைத்தார். முளைத்ததில் இரண்டே இரண்டு நாற்று பச்சை இல்லாமல் சிவப்பாக இருந்தது. இலைப்பச்சை இல்லாத செடிக்குத் தன் சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாது. சில நாளில் செத்துவிடும். அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. உடனே இன்னொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டினார். கீழே இருப்பது சமைத்துப் போட, மேலே இருப்பது உட்கார்ந்து சாப்பிட்டது. இன்றைக்கு நர்சரியில் பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து வைத்தது போலக் கள்ளி விற்கிறார்களே, அது இந்த வம்சம்தான். பின்னாளில் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களும் வந்தன. கொரியா நாட்டு விவசாயிகள் இதையே பெரிய ஏற்றுமதித் தொழிலாக ஆக்கிக்கொண்டார்கள். அடியில் ஒட்டுக்கு வைக்கும் தண்டு எது என்கிறீர்கள்? டிராகன் பழம் என்று இப்போது நம் மாவட்டத்திலும் சிலர் நடுகிறார்களே, அந்தக் கொடியின் சொந்தக்காரன்.

பத்தாயிரத்தில் இரண்டு! அந்த இரண்டையும் "நோஞ்சான் நாற்று" என்று பிடுங்கி எறிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அந்த அம்மாவிடம் செய்யச் சொன்னது அதைத்தான்.

இரண்டாவது கதை தாய்லாந்தில். முள்ளோடு கூடிய தண்டில் சிவப்புப் பூ பூக்கும் ஒரு கள்ளி உண்டு. ஏசுநாதர் தலையில் வைத்த முட்கிரீடம் என்று அதற்குப் பெயர். அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 1821-ல் மிலியஸ் என்ற பிரெஞ்சு கவர்னர் அதைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். 1826-ல் தாவர நூலில் அவர் பெயராலேயே அதைப் பதிந்தார்கள். பழைய செடியில் பூ சுண்டைக்காய் அளவுதான். தாய்லாந்தில் இருக்கும் சீன வம்சத்தார் அதை எட்டுச் சித்தர்களோடு சேர்த்துப் பெயர் சொல்லி, ஒரு கொத்தில் எட்டுப் பூ வந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையால் வீட்டுக்கு வீடு வளர்த்தார்கள். நர்சரிக்காரர்கள் பெரிய பூவோடு பெரிய பூவைக் கலந்து, அதன் பிள்ளையில் மிகப் பெரியதை எடுத்து மறுபடி கலந்து, பூவை உள்ளங்கை நிரம்பும் கொத்தாக ஆக்கிவிட்டார்கள். ஓசூர் நர்சரிகளில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று விற்பவை அந்த வழியில் வந்தவை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அங்கே மோகம் ஏறியபோது விலை தாறுமாறாக உயர்ந்தது. எல்லோரும் போட்டார்கள், விலை இறங்கிவிட்டது. நம் தமிழ்நாட்டில் ஈமு கோழி வாங்கி 2012-ல் எத்தனை குடும்பம் அழுதது என்பது உங்களுக்குத் தெரியும். புதுச் செடியானாலும் புதுக் கோழியானாலும், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவன் வாய் வார்த்தையாகச் சொன்னதை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

லக்னோவில் பூத்த ஜிமிக்கி

மூன்றாவது கதைதான் நம் நாட்டுக் கதை. நம் டேபிள் ரோஸின் கதையும் அதுதான்.

செடியின் குணம் விதைக்குள் எழுதிவைத்த கணக்கு மாதிரி. அந்தக் கணக்கில் ஒரு எழுத்து மாறினால் பூவின் நிறம் மாறலாம், இதழ் மாறலாம். இயற்கையில் இது எப்போதாவது நடக்கும். கதிர்வீச்சால் அதைச் சீக்கிரமாக நடத்தலாம் என்று 1927-ல் முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பழ ஈயில் காட்டினார். 1928-ல் ஸ்டாட்லர் என்பவர் பார்லியில் காட்டினார். 1949-ல் ஹாலந்தில் எக்ஸ்ரே கொடுத்து உண்டாக்கிய ஒரு துலிப் மலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

லக்னோ நகரத்தில் சிக்கந்தர் பாக் என்று ஒரு தோட்டம் உண்டு. நவாப் வாஜித் அலி ஷா காலத்துத் தோட்டம். 1857-ல் சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படையோடு கடும் சண்டை போட்ட இடம். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே கைலாஸ் நாத் கௌல் என்ற அறிஞரின் முயற்சியால் தாவரப் பூங்கா வளர்ந்தது. 1953-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் அதை ஏற்றுக்கொண்டது. 1978-ல் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாற்றம் ஆனது. செவ்வந்தி, காகிதப்பூ, ரோஜா போன்ற செடிகளில் காமாக் கதிர் செலுத்திப் புது ரகம் எடுப்பதில் அந்த நிறுவனம் பேர் பெற்றது.

அந்த வரிசையில் டேபிள் ரோஸையும் சேர்த்துக்கொண்டார்கள். இது கிள்ளி வைத்தால் வேர் விடும் செடி. ஆகவே விதைக்காகக் காத்திருக்க வேண்டாம், தண்டுத் துண்டுக்கே கதிர் கொடுக்கலாம். நட்ட பிறகு வரும் கிளைகளை ஒவ்வொன்றாகக் கண்காணிக்க வேண்டும். பெரும்பாலானவை பழையபடியே பூக்கும், அல்லது நோஞ்சானாகும். எங்கோ ஒரு கிளையில் புதுப் பூ வரும். அங்கேதான் கைவேலை இருக்கிறது. கிளை முழுவதும் மாறியிருக்காது. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்று கலந்திருக்கும். புதுப் பூ வந்த நுனியை மட்டும் வெட்டி நட்டு, அதில் வருவதில் மறுபடி சுத்தமான நுனியைப் பொறுக்கி நட்டு, கடைசியில் எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி பூ வரும்வரை பிரித்துக்கொண்டே போக வேண்டும்.

இப்படிக் கிடைத்த ரகங்களுக்கு ஜும்கா, கர்ணபாலி, லலிதா, முக்தா, ரத்னம், விபூதி என்று பெயர் வைத்தார்கள். ஜும்கா என்றால் நம் ஜிமிக்கிதான். முக்தா என்றால் முத்து. தென் அமெரிக்க மணலில் பிறந்த பூவுக்கு நம் வீட்டுப் பெண்களின் நகைப் பெயர்! காட்டுச் செடி நம் நாட்டுச் செடியானது அந்தப் பெயர் சூட்டலில்தான் என்று நான் நினைப்பேன்.

கதிர் கொடுப்பது நம் கையில் செய்கிற வேலை அல்ல. அதற்கு அனுமதியும் பாதுகாப்பும் உள்ள நிலையம் வேண்டும். ஆனால் மாறிய நுனியைப் பார்த்துப் பிரித்து எடுக்கும் அந்த இரண்டாம் பாதி வேலை இருக்கிறதே, அதற்கு டிகிரி வேண்டாம். கண் வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு கத்தி வேண்டும்.

பீட்ரூட்டின் நிறம், நீலத்தின் பொய்

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோஜாவின் சிவப்பும் டேபிள் ரோஸின் சிவப்பும் ஒரே சாயம் அல்ல. டேபிள் ரோஸில் இருப்பது பீட்ரூட்டிலும் தண்டுக்கீரையின் சிவப்பிலும் காகிதப்பூவிலும் கள்ளிப் பழத்திலும் உள்ள சாயம். அதில் சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் வரும். நல்ல நீலம் வராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செல்போனில் படம் காட்டி "நீலக் கலர் டேபிள் ரோஸ் விதை" என்று பொட்டலம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் நிறம் பூசுவது இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாங்கி ஏமாறாதீர்கள். சரித்திரமும் கொஞ்சம் விஞ்ஞானமும் தெரிந்தால் மடியில் இருக்கிற காசு மிஞ்சும்.

கள்ளி நம்மைப் பிடித்த கதை

புதுச் செடி என்றால் எல்லாம் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. நம் தாத்தாக்கள் பட்டபாடு ஒன்று இருக்கிறது.

கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து நல்ல சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்தக் காலத்தில் அது ஸ்பெயின்காரர்களின் பெரிய வருமானம். கும்பினியாருக்கும் ஆசை வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சி வந்தது. ஆனால் வந்தது மட்டமான சாயப் பூச்சி, வியாபாரம் ஓடவில்லை. அந்தப் பூச்சி ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியைத் தின்று தீர்த்தது. ஆனால் இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அந்த இரண்டாவது வகை மேய்ச்சல் நிலத்திலும் ஏரிக்கரையிலும் காடாக மண்டியது. ஆடு மாடு நுழைய முடியவில்லை. நிலம் நிலமாகப் பாழானது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்தில் அது கள்ளிக் காட்டை அடக்கியது. "ஒரு காலத்தில் ஊரெல்லாம் கள்ளியாக இருந்ததாம், வெள்ளைப் பூச்சி வந்து அழிச்சதாம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை அல்ல.

ஆகவே, சதைப்பற்றுச் செடியின் வெட்டிய துண்டை ஏரியிலோ புறம்போக்கிலோ வீசாதீர்கள். துண்டு விழுந்த இடத்தில் வேர் விடுவது அதன் குணம். அந்தக் குணம்தான் நமக்கு லாபம். கவனம் தப்பினால் அதுவே நஷ்டம்.

நீங்கள் செய்யக்கூடியது

சரி, ஆசை உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் பாருங்கள். பூக்கும் காலத்தில் காலை பத்து மணிக்கு டப்பாக்களை ஒரு சுற்றுப் பார்ப்பது பெரிய வேலை அல்ல. ஒரு கிளையில் மட்டும் நிறமோ இதழோ மாறியிருந்தால் உடனே அந்தக் கிளையில் ஒரு நூல் கட்டுங்கள். இலை சுருங்கியிருக்கிறதா, மஞ்சள் புள்ளி இருக்கிறதா, பக்கத்துச் செடிக்குப் பரவியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவை இருந்தால் நோய் என்று சந்தேகப்படலாம். டப்பாவைத் தள்ளி வையுங்கள். இவை இல்லாவிட்டால் நுனியை இரண்டு விரற்கடை நீளம் வெட்டி, மணல் கலந்த மண்ணில் தனியாக நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.

அடுத்து, அதில் வரும் பூவைப் பாருங்கள். பழைய நிறம் திரும்பிய கிளையை நீக்கிவிட்டு, புது நிறம் உள்ள நுனியை மறுபடி நடுங்கள். மூன்று நான்கு தலைமுறை ஒரே மாதிரி நின்றால்தான் அதை ரகம் என்று சொல்லலாம். டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

கலந்து பார்க்க விரும்புகிறவர்கள், காலையில் பூ விரியும் முன்பே மொட்டை மெல்லப் பிரித்து, மகரந்தம் கொட்டுவதற்குள் மகரந்தத் தாள்களை நுனிக் கிடுக்கியால் எடுத்துவிட வேண்டும். இது தாய்ப்பூ. வெயில் ஏறியதும் தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தொட்டு இதன் சூல்முடியில் வைத்து, மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிப்போயிருக்கும். அதனால் மகரந்தம் குறைவு. ஒற்றை இதழ்ப் பூவைத் தகப்பனாக வைப்பது சுலபம். காய் முற்றும்போது மூடி கழன்று விதை சிதறும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் துணி கட்டியே இருக்கட்டும்.

இதில் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். முதல் தலைமுறையில் புதுசாக ஒன்றும் தெரியாமல் போகலாம். "கலந்தும் ஒன்னும் வரலையே" என்று எறிந்துவிடாதீர்கள். ஒளிந்திருக்கும் குணம் அதன் பிள்ளையில், அதாவது இரண்டாம் தலைமுறையில்தான் வெளியே வரும். தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருவதில்லையா, அது போல.

முட்கிரீடக் கள்ளியில் வேலை செய்கிறவர்கள் அதன் பாலில் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் புண்ணும் வரும். கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். தப்பிக் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பெயர் நிற்க வேண்டும்

நல்ல ரகம் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? பெரும்பாலும், "அக்கா, ஒரு கிளை கொடுங்க" என்று கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவீர்கள். கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் அதில் ஒரு கிளை எங்கோ ஒரு நர்சரிக்குப் போய், வேறு பெயரில் திரும்ப உங்களுக்கே விலைக்கு வரலாம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001. விஞ்ஞானிக்கும் கம்பெனிக்கும் உள்ளது போல, ரகம் உண்டாக்கிய விவசாயிக்கும் அதைப் பதிவு செய்யும் உரிமையை அது கொடுக்கிறது. மரத்துக்கும் கொடிக்கும் 18 வருஷம் வரையிலும், மற்றப் பயிர்களுக்கு 15 வருஷம் வரையிலும் பாதுகாப்பு உண்டு. தன் ரகத்தைப் பதிகிற விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மற்ற ரகங்களிலிருந்து அது தெளிவாக வேறுபட வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் குணம் மாறாமல் நிற்க வேண்டும். நான் மேலே சொன்ன நூல் கட்டுவதும், தேதி எழுதுவதும், மூன்று நான்கு தலைமுறை பார்ப்பதும் இதற்காகத்தான். அரசு அறிவித்த பயிர்களுக்கு மட்டுமே பதிவு என்பதால், உங்கள் செடி பட்டியலில் இருக்கிறதா என்று தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடிக்கும்வரை கிளையை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

நம் இடத்தின் வசதியையும் எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறோம். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள், மறு பக்கம் பெங்களூர். மாடி வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் அதிகம் கேட்காத தொட்டிச் செடி வேண்டும். லால்பாக் தோட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். ஒரு முறை குடும்பத்தோடு போய், எந்தச் செடிக்கு முன்னால் கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் நான்கு டப்பாவில் தொடங்குங்கள். ரோஜாத் தோட்டத்தையோ தக்காளியையோ அழித்துவிட்டு இதைப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இது திண்ணை ஓரத்து முயற்சி. வீட்டுப் பெண்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் செய்யக்கூடியது.

அந்த அம்மாவைச் சில மாதம் முன்பு மறுபடி பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இன்றும் அதே திண்ணை, அதே டேபிள் ரோஸ். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு அம்மா" என்று இத்தனை வருஷம் கழித்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "விடுங்க சார். நீங்க நோயின்னு சொன்னீங்க, நானும் எரிச்சேன். ஆனா அந்தப் பூ இன்னும் கண்ணுல நிக்குது. மறுபடி வந்தா உங்களைக் கேக்க மாட்டேன், முதல்ல நட்டுருவேன்" என்றார்.

அதுதான் சரி, பெருமக்களே. என்னைப் போன்றவர்களைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நட்டுவிட்டுக் கேளுங்கள்.